அப்பாவின் கட்டைவிரல்



'மனமும் உடலும் வேறு வேறா?' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். இது ஓய்வாக இருப்பவர்கள் பேசிப் பொழுது போக்குகிற கேள்வி என்று உங்களில் சிலர் நினைக்கலாம். இல்லை. நோயாளி ஒருவர் 'வலிக்கிறது' என்று சொல்லும்போது அதை நாம் நம்புகிறோமா, நம்பாமல் தலையை மட்டும் ஆட்டுகிறோமா என்பது இந்தக் கேள்விக்கு நாம் உள்ளுக்குள் வைத்திருக்கும் விடையைப் பொறுத்தது. அதை நான் புத்தகத்தில் படிக்கும் முன்பே என் வீட்டில் பார்த்துவிட்டேன். ஆகவே தத்துவ ஞானிகளை விட்டுவிட்டு, ஒரு கட்டைவிரலில் இருந்து தொடங்குகிறேன். என் அப்பாவின் வலது கால் கட்டைவிரல்.

அப்பா பஸ் டிரைவர். மலைப்பாதையில் ஓட்டியவர். கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது அத்தனை பேர் உயிரும் டிரைவரின் வலது காலில் இருக்கிறது என்பார். அந்தக் காலில்தான் வந்தது. சர்க்கரை வியாதி. கட்டைவிரலில் ஒரு கொப்புளம். கொப்புளம் புண்ணாயிற்று, புண் கறுத்தது, கறுப்பு மேலே ஏறியது. கடைசியில் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள்.

எடுத்துச் சில நாள் கழித்து ஒரு நடு இரவில் அப்பா எங்களை எழுப்பினார். "கட்டைவிரல் எரியுது. யாரோ புடிச்சுத் திருகுற மாதிரி இருக்கு" என்றார். எந்தக் கட்டைவிரல்? போர்வையை விலக்கிப் பார்த்தால், கட்டுப் போட்ட முழங்கால். அதற்குக் கீழே விரிப்பு. அவ்வளவுதான். ஆனால் எரிந்தது. காலை எடுப்பதற்கு முன் எந்த விரல் எப்படி எரிந்ததோ, அந்த விரல் அப்படியே எரிந்தது. தூக்கத்தில் அந்தக் காலால் பிரேக்கை மிதிப்பார். மிதிபடாமல் பதறி எழுவார்.

மருத்துவரிடம் சொன்னோம். அவர் தையலைப் பார்த்தார், நன்றாக ஆறியிருக்கிறது என்றார். பிறகு அம்மாவைத் தனியே அழைத்து, "ஒண்ணுமில்லம்மா. எல்லாம் மனசுதான். தைரியம் சொல்லுங்க" என்றார். கதவு திறந்திருந்தது. அப்பா காதில் விழுந்துவிட்டது. அன்றோடு அப்பா எங்களிடம் வலியைப் பற்றிப் பேசுவதை நிறுத்திக்கொண்டார். வலி நிற்கவில்லை என்பது அவர் பல்லைக் கடிக்கும் சத்தத்தில் தெரியும்.

அந்த மருத்துவர் கெட்ட மனிதர் அல்லர். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் 'எல்லாம் மனசுதான்' என்ற அந்த இரண்டு சொற்களுக்குள் ஒரு முழுத் தத்துவம் ஒளிந்திருக்கிறது, கவனித்தீர்களா? இந்தப் பக்கம் உடல், அந்தப் பக்கம் மனம். நடுவே ஒரு கோடு. உடல் பக்கத்தில் இருக்கும் வலி நிஜம். மனத்தின் பக்கத்தில் இருக்கும் வலி ஒன்றுமில்லை. இந்தக் கோட்டை யார் போட்டது?

தத்துவ வகுப்பில் கேட்டால் உடனே ஒரு பெயரைச் சொல்வார்கள். ரெனே தெகார்த். பிரெஞ்சுக்காரர். பல ஆண்டுகள் நெதர்லாந்தில் வாழ்ந்து எழுதியவர். 1641இல் வெளிவந்த 'தியானங்கள்' என்ற நூலில் அவர் சொன்னதன் சாரம் இது: உடல் என்பது இடத்தை அடைத்துக்கொண்டு கிடப்பது. அதற்கு நீளம் உண்டு, அகலம் உண்டு, நினைப்பு இல்லை. மனம் என்பது நினைப்பது. அதற்கு நினைப்பு உண்டு. நீளமும் அகலமும் இல்லை. ஆகவே இரண்டும் இரண்டு பொருள்கள்.

கோடு போட்டவர் இவர்தான், சரி. ஆனால் இவருடைய எழுத்தை எடுத்துப் படித்தபோது நான் திகைத்துப் போனேன். 1644இல் அவர் வெளியிட்ட இன்னொரு நூலில் ஒரு சிறுமி வருகிறாள். அவள் கையில் கடுமையான நோய். மருத்துவர் வரும்போதெல்லாம் அவள் பயந்துவிடக் கூடாதென்று கண்ணைக் கட்டிவிடுவார்கள். கை அழுகத் தொடங்கியதும் முழங்கை வரைக்கும் வெட்டி எடுத்துவிட்டார்கள். அவளுக்குச் சொல்லவில்லை. கை இருந்த இடத்தில் துணியைச் சுற்றி வைத்துவிட்டார்கள். அவளோ இந்த விரல் வலிக்கிறது, அந்த விரல் வலிக்கிறது என்று மாறி மாறிச் சொல்லிக்கொண்டிருந்தாளாம். என் அப்பாவின் கட்டைவிரல், முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே, தெகார்த்தின் புத்தகத்தில் இருக்கிறது!

தெகார்த் அவளைப் பற்றி என்ன சொன்னார்? பொய் சொல்கிறாள் என்றாரா? பிரமை என்றாரா? இல்லை. விரலில் இருந்து மூளைக்குப் போய்க்கொண்டிருந்த நரம்பு இப்போது முழங்கையில் முடிகிறது. அங்கே அது அசைந்தால், முன்பு விரலில் இருந்து வந்த அதே சேதி மூளைக்குப் போகிறது. ஆகவே அவளுக்கு விரல் வலிக்கிறது என்றார். கோட்டைப் போட்டவரே அந்தக் குழந்தையின் வலியை நம்பினார். கோட்டை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தவர்கள்தான் நம்பவில்லை.

இன்னொன்றும் சொன்னார். கப்பலுக்குள் மாலுமி உட்கார்ந்திருப்பது போல நான் என் உடலுக்குள் உட்கார்ந்திருக்கவில்லை என்றார். என் அப்பாவை வைத்துப் பார்த்தால் இது எளிதாக விளங்கும். பஸ்ஸில் ஒரு பக்கம் நசுங்கினால் அப்பா இறங்கிப் போய்ப் பார்ப்பார். பார்த்துத்தான் தெரிந்துகொள்வார். டீசல் தீர்ந்தால் முள் காட்டும். ஆனால் பசியை எந்த முள்ளும் அவருக்குக் காட்டவில்லை. கட்டைவிரல் எரிவதை இறங்கிப் போய்ப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. அவரே எரிந்தார். பஸ்ஸில் இருக்கும் டிரைவர் அல்ல மனம் என்பது தெகார்த்துக்கும் தெரிந்திருந்தது. அப்படியானால், இரண்டாகப் பிரித்த ஒன்றை எப்படிச் சேர்ப்பது? இங்கேதான் நண்பர்களே, இன்றைய பேச்சின் நாயகி வருகிறார்.

ஹேக் நகரத்தில் ஓர் இளம்பெண். வயது 24. பெயர் எலிசபெத். பொஹீமியாவின் இளவரசி, ஆனால் பொஹீமியா அவர்கள் கையில் இல்லை. எலிசபெத்தின் அப்பா ஒரு குளிர்காலம் மட்டும் அரியணையில் இருந்து, 1620இல் போரில் தோற்று நாட்டை இழந்தவர். குடும்பம் அகதியாக நெதர்லாந்தில் ஒதுங்கியிருந்தது. இந்தப் பெண் தெகார்த்தைப் படித்துவிட்டு, 1643 மே மாதம் அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். தெகார்த்துக்கு அப்போது வயது 47. ஐரோப்பா முழுக்கப் புகழ். அந்தப் புகழுக்கு எதிரே நின்று எலிசபெத் கேட்டது ஒரே கேள்வி.

நம் பேச்சில் சொல்கிறேன். ஒரு பொருளை நகர்த்த வேண்டுமானால் அதைத் தொட வேண்டும். தொட வேண்டுமானால் தொடுகிற பொருளுக்கு மேற்பரப்பு வேண்டும். மனதுக்கு நீளமில்லை, அகலமில்லை, மேற்பரப்பு இல்லை என்கிறீர்கள். அப்படியானால் கையைத் தூக்க வேண்டும் என்று நான் நினைத்ததும் கை எப்படி உயர்கிறது? ஐந்து என்ற எண் கதவைத் தள்ளுமா? எண்ணுக்கு ஏது தோள்?

இதற்குத் தெகார்த் என்ன பதில் சொன்னார்? எடையைப் பாருங்கள் என்றார். கல்லைக் கீழே இழுப்பது அதன் எடை. அந்த எடை கல்லைக் கைவைத்துத் தள்ளுவதாக நாம் நினைப்பதில்லை. அதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றார். எலிசபெத் விடவில்லை. எடையைப் பற்றிய அந்தப் பழைய எண்ணம் தவறென்று காட்டியவரே நீங்கள்தானே, தவறான எண்ணத்தை வைத்து இதை எப்படி விளக்குவீர்கள் என்று திருப்பிக் கேட்டார். இன்னும் ஒரு படி மேலே போனார். உருவமற்ற ஒன்று உடலை அசைக்கும் என்பதை விட, மனதுக்கும் ஏதோ ஒரு விதத்தில் பரப்பு இருக்கிறது என்று ஒப்புக்கொள்வது எனக்கு எளிது என்று எழுதினார்.

தெகார்த் அடுத்த கடிதத்தில், மனமும் உடலும் இணைந்திருப்பதைச் சிந்தித்துக் கண்டுபிடிக்க முடியாது. அன்றாடம் வாழ்ந்து, நாலு பேரோடு பேசிப் பழகித்தான் அதை அறிய முடியும் என்றார். எவ்வளவு பெரிய ஒப்புதல்! எலிசபெத்தின் மறுமொழியும் அருமையானது. மனம் உடலை அசைக்கிறது என்று என் புலன்கள் காட்டுகின்றன. எப்படி அசைக்கிறது என்று அவை காட்டவில்லையே என்றார். பின்னாளில் தெகார்த், மூளைக்கு நடுவே நெல்மணி அளவில் இருக்கும் பீனியல் சுரப்பியைக் காட்டி, சந்திக்கும் இடம் அது என்று விரிவாக எழுதினார். சந்திக்கும் இடத்தைச் சொல்லிவிட்டால் சந்திப்பது எப்படி என்று சொன்னதாகுமா? ஊர் பெயரைச் சொல்லிவிட்டால் வழி சொன்னதாகுமா?

எலிசபெத் இந்தக் கேள்வியை எங்கிருந்து கேட்டார் என்பதும் முக்கியம். 1645இல் அவருக்கு விடாத காய்ச்சல், வறட்டு இருமல். கேள்விப்பட்ட தெகார்த், இதற்குக் காரணம் துயரமாக இருக்கலாம் என்று எழுதினார். நாடிழந்த குடும்பத்துக்குத் துயரத்துக்கா பஞ்சம்? எலிசபெத் அதை மறுக்கவில்லை. உள்ளத்தின் துன்பங்கள் என் உடலை எளிதில் பிடித்துக்கொள்கின்றன என்று ஒப்புக்கொண்டார். ஆனால் சில மாதங்கள் கழித்து மறுபக்கத்தையும் எடுத்து வைத்தார். சிந்திக்கும் ஆற்றலையே முற்றாகப் பறித்துவிடும் நோய்கள் உண்டல்லவா, அப்போது உங்கள் தனித்த மனம் எங்கே போகிறது என்று கேட்டார். வீட்டில் மறதி நோய் கண்ட பாட்டியையோ தாத்தாவையோ பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு இந்தக் கேள்வியை நான் விளக்க வேண்டியதில்லை.

தெகார்த் இறந்த சில ஆண்டுகளிலேயே அவருடைய பதில்கள் அச்சேறின. எலிசபெத் தன் கடிதங்களை வெளியிடச் சம்மதிக்கவில்லை. அவை அச்சானது 1879இல்தான். கேள்வி எழுதப்பட்டு 236 ஆண்டுகள் கழித்து! அந்த 236 ஆண்டுகளும் உலகம் பதிலைப் படித்தது. கேள்வி கேட்டவரின் குரலைப் படிக்கவில்லை.

இனி அப்பாவின் கட்டைவிரலுக்கு வருவோம். வெட்டிய உறுப்பு வலிப்பதைப் பதினாறாம் நூற்றாண்டிலேயே அம்புருவாஸ் பாரே என்ற பிரெஞ்சு அறுவை மருத்துவர் எழுதி வைத்திருக்கிறார். அமெரிக்க உள்நாட்டுப் போரில் கை கால் இழந்த சிப்பாய்களுக்கு மருத்துவம் பார்த்த சைலஸ் வேர் மிட்செல், 1871இல் அதற்கு ஒரு பெயரும் சூட்டினார். தமிழில் 'மாய உறுப்பு' என்று சொல்லலாம். 1990களில் இதைப் புதிதாக ஆராய்ந்தவர் நம்மவர்: சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, கலிஃபோர்னியாவில் சான் டியகோவில் பணியாற்றிய வி. எஸ். ராமச்சந்திரன்.

கை இழந்த ஒருவரின் கன்னத்தைப் பஞ்சு சுற்றிய குச்சியால் தொட்டார். அந்த மனிதர், என் கன்னத்தைத் தொடுகிறீர்கள், இல்லாத என் கட்டைவிரலையும் தொடுகிறீர்கள் என்றார். ஏன்? நம் உடல் முழுவதற்கும் மூளையில் ஒரு வரைபடம் இருக்கிறது. மான்ட்ரியாலில் வைல்டர் பென்ஃபீல்ட் என்ற அறுவை மருத்துவர் அதைத் தொட்டுத் தொட்டு வரைந்து காட்டியிருந்தார். அந்தப் படத்தில் கைக்கு அடுத்த வீடு முகம். கை போனதும் கையின் வீடு காலியாகக் கிடக்கிறது. பக்கத்து வீட்டுச் சத்தம் அங்கே கேட்கிறது.

ராமச்சந்திரன் செய்த அடுத்த காரியம் எனக்கு இன்றும் வியப்பு. சிலருக்கு இல்லாத கை இறுக மூடிக்கொண்டு, நகம் உள்ளங்கையில் குத்துவது போல வலிக்கும். திறக்க முடியாது. இல்லாத கையை எப்படித் திறப்பது? ஒரு பெட்டியில் கண்ணாடியை நிறுத்தி வைத்தார். இருக்கிற கையைக் கண்ணாடிக்கு முன் வைக்கச் சொன்னார். பிம்பத்தில் பார்த்தால் இழந்த கை திரும்ப வந்தது போலத் தோன்றும். இப்போது இருக்கிற கையை மெல்லத் திற என்றார். கண்ணாடிக்குள் அந்தக் கையும் திறந்தது. பல ஆண்டுகளாக மூடிக்கிடந்த இல்லாத கை திறந்துகொண்டதைச் சிலர் உணர்ந்தார்கள். எல்லோருக்கும் இது பலித்துவிடவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் ஒருவருக்குப் பலித்தாலும் நாம் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. அங்கே குணமானது உடலா, மனமா? ஊசி இல்லை, மாத்திரை இல்லை. ஒரு காட்சி மட்டும். கோட்டை எந்த இடத்தில் போடுவீர்கள்?

இன்னொரு சோதனை. 1978இல் கலிஃபோர்னியாவில் கடைவாய்ப் பல் பிடுங்கியவர்களுக்கு நடந்தது. சிலருக்கு வலிமருந்து என்ற பெயரில் மருந்தே இல்லாத ஒன்றைக் கொடுத்தார்கள். அவர்களில் சிலருக்கு வலி குறைந்தது. நம்பிக்கையால் குறைந்தது, அதாவது 'மனசுதான்' என்று சொல்லிவிடலாம் அல்லவா? பொறுங்கள். அப்படிக் குறைந்தவர்களுக்கு நாலாக்ஸோன் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். உடல் தானே சுரந்துகொள்ளும் வலிநீக்கிகளைத் தடுக்கும் மருந்து அது. வலி ஏறிவிட்டது! நம்பிக்கை உடலுக்குள் மருந்தைச் சுரக்கிறது. இன்னொரு மருந்து போய் நம்பிக்கையின் பலனைத் தடுக்கிறது. 'மனசுதான்' என்று ஒதுக்கிய இடத்திலேயே ரத்தமும் சதையும் இருக்கின்றன.

நம் மரபு இதைப் பற்றி என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். இங்கே ஒரு செய்தியை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நம் சைவ சித்தாந்திகள் மனத்தையும் உடலையும் பிரித்தார்கள் என்று பலர் மேடையில் பேசுகிறார்கள். அது சரியல்ல. அவர்களும் கோடு போட்டார்கள். ஆனால் வேறு இடத்தில் போட்டார்கள். மனம், புத்தி, அகங்காரம், சித்தம் என்ற நான்கு அந்தக்கரணங்களும் முப்பத்தாறு தத்துவங்களுக்குள் அடங்கும். மாயையில் இருந்து தோன்றியவை. சடம். உடம்பு எந்தப் பக்கமோ, மனமும் அந்தப் பக்கம்! ஆன்மா மட்டுமே மறுபக்கம். அரசன் அமைச்சர்களோடு கூடியிருப்பது போல ஆன்மா அந்தக்கரணங்களோடு கூடியிருக்கிறது என்று சிவஞானபோதம் காட்டுகிறது. மனமும் உடலும் வேறா என்று அந்த நூலைத் தந்த மெய்கண்டாரிடம் கேட்டால், இரண்டும் ஒரே இனம்தானே, இதில் என்ன சந்தேகம் என்பார்.

எதிர்ப்பக்கக் குரலும் தமிழில் இருக்கிறது. மணிமேகலையில் வஞ்சி நகரத்தில் பூதவாதி பேசுகிறார். பூவில் போதை இல்லை, வெல்லக் கட்டியில் போதை இல்லை. கூட்டி ஊற வைத்தால் போதை பிறக்கிறது. நிலம், நீர் போன்ற பூதங்கள் கூடினால் உணர்வு பிறப்பதும் அப்படித்தான் என்கிறார். இன்றைய மூளை ஆராய்ச்சியாளர் பலர் இந்த உவமையை மகிழ்ச்சியோடு எடுத்துக்கொள்வார்கள். இவற்றுக்கெல்லாம் முன்பே தொல்காப்பியர் நகையையும் அழுகையையும் அச்சத்தையும் உவகையையும் எட்டுக்குள் வகுத்து, அவற்றுக்கு 'மெய்ப்பாடு' என்று பெயரிட்டார். மெய் என்றால் உடல். மெய் என்றால் உண்மை. துக்கம் தொண்டையை அடைக்கிறது, வயிற்றில் புளியைக் கரைக்கிறது, கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை என்று நம் வீட்டுப் பெண்கள் சொல்வதெல்லாம் வெறும் அலங்காரமா? நடப்பதைத்தான் சொல்கிறார்கள்.

அப்படியானால் எல்லாம் மூளை, வேறொன்றும் இல்லை என்று முடித்துவிடலாமா? என்னால் முடியவில்லை. 1714இல் லைப்னிட்ஸ் ஒரு கற்பனை செய்தார். நினைக்கும் இயந்திரம் ஒன்று இருக்கிறது. அதை மாவு மில் அளவுக்குப் பெரிதாக்கி நாம் உள்ளே நுழைகிறோம். என்ன பார்ப்போம்? ஒன்றை ஒன்று தள்ளும் உறுப்புகளைப் பார்ப்போம். உணர்வை எங்கும் பார்க்க மாட்டோம் என்றார். என் அப்பாவின் மூளைக்குள் நுழைந்திருந்தால் கால் கட்டைவிரலின் வீடு எங்கே இருக்கிறது என்று பார்த்திருக்கலாம். அது எப்படித் துடிக்கிறது என்று பார்த்திருக்கலாம். எரிவதைப் பார்த்திருக்க முடியாது. அது அவருக்கு மட்டும்தான் எரிந்தது.

ஆகவே நான் தெகார்த்தின் பக்கமும் இல்லை, பூதவாதியின் பக்கமும் இல்லை. எலிசபெத்தின் பக்கம் நிற்கிறேன். இரண்டும் ஒன்றை ஒன்று தொடுகின்றன என்பது உறுதி. தொடுவது எப்படி என்று நம் வரையறை விளக்கவில்லையென்றால், திருத்த வேண்டியது வரையறையை. மனதை எடையே இல்லாத ஆவியாக நினைத்தோம். உடலை உணர்வே இல்லாத கட்டையாக நினைத்தோம். பிறகு இரண்டையும் எப்படி ஒட்டுவது என்று திண்டாடுகிறோம். மனதுக்கும் ஏதோ ஒரு பரப்பைக் கொடுத்துப் பார்க்கலாமே என்று 1643இலேயே அந்தப் பெண் சொல்லிவிட்டார்.

கண்ணாடிப் பெட்டியைப் பற்றி நான் படித்தபோது அப்பா இல்லை. காலமாகிவிட்டார். நாங்கள் ஒரு கண்ணாடியை வைத்துப் பார்த்திருக்கலாம். அவருடைய இடது கால் நன்றாகத்தானே இருந்தது. தெரியாமல் போய்விட்டது.

அப்பா எங்களிடம் சொல்வதை நிறுத்திவிட்டார் என்றேன். அம்மாவிடம் நிறுத்தவில்லை. அது எனக்கு வெகுநாள் தெரியாது. ஒரு நாள் பின்னிரவில் தண்ணீர் குடிக்க எழுந்தேன். நீல விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அம்மா கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தார். நாலாம் வகுப்போடு நிறுத்திய அம்மா. தெகார்த்தும் தெரியாது, மெய்கண்டாரும் தெரியாது. 'எல்லாம் மனசுதான்' என்று மருத்துவர் சொன்னதைக் கேட்டவர். அப்பாவின் முழங்காலுக்குக் கீழே, கால் இருந்திருந்தால் பாதம் எங்கே இருந்திருக்குமோ அந்த இடத்தில், வெறும் விரிப்பின் மேல் கையை வைத்து மெல்லத் தடவிக்கொண்டிருந்தார்.

"இங்கயாங்க?" என்று கேட்டார்.

"கொஞ்சம் உள்பக்கம்" என்றார் அப்பா.

அம்மா கையைச் சற்று நகர்த்தினார். அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.